பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் ஏன் ஒன்றாவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: உணவுப் பார்சல் டப்பாக்களின் பாலிப்ரொப்பிலீனையும் பால் பாக்கெட்டுகளின் பாலிஎத்திலீனையும் கழுவி உலர்த்தி, எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் தள்ளும் இயந்திரத்தில்) 210 டிகிரி செல்சியஸில் உருக்கிக் கலந்தீர்கள். உருகிய பாகு சீராகத்தான் வெளிவந்தது. ஆனால் அதில் வார்த்த பட்டையை வளைத்தால் மடிப்பில் வெளுத்து, அடுக்கடுக்காக உரிந்து, ஒடிந்துபோகிறது. இரண்டிலும் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே எனும்போது ஏன் ஒன்றாகவில்லை, இன்னும் சூடேற்றினாலோ இன்னும் நேரம் கலக்கினாலோ ஒன்றாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி.

ஒன்றாகாது. கலக்கும் முறையில் நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. எக்ஸ்ட்ரூடரின் திருகு செய்யக்கூடியது ஒன்றை இன்னொன்றுக்குள் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறடிப்பது மட்டுமே. மூலக்கூறு அளவில் ஒன்றோடொன்று கரைவதா வேண்டாமா என்பதை வெப்ப இயக்கவியல் தீர்மானிக்கிறது, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களின் விஷயத்தில் அதன் தீர்ப்பு பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதாகவே இருக்கிறது. ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால், எந்த முயற்சி வீண், எது பலன் தரும் என்பதும் தானாகவே தெளிவாகும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கூடை உதிரி மல்லிகையையும் ஒரு கூடை கனகாம்பரத்தையும் தாம்பாளத்தில் கொட்டிக் கையால் அளைந்தால், அவை கலந்து கிடப்பதற்கான விதங்கள் எண்ணிலடங்காதவை. தனித்தனிக் குவியலாகக் கிடப்பதற்கான விதங்களோ அவற்றோடு ஒப்பிட்டால் இல்லை என்றே சொல்லலாம். இந்த வாய்ப்புப் பெருக்கத்தைத்தான் என்ட்ரோபி அளவிடுகிறது. பெட்ரோலும் டர்பன்டைனும் போன்ற சிறு மூலக்கூறுகள் எளிதில் கலந்துவிடுவதற்கு இதுவே காரணம். அதே பூக்களை ஆயிரம் பூக்கொண்ட சரங்களாகத் தொடுத்துவிட்டு அந்தச் சரங்களைத் தாம்பாளத்தில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் பக்கத்துப் பூவோடு நாரால் கட்டுண்டிருப்பதால் தன் இஷ்டத்துக்கு இடம் மாற முடியாது. ஆயிரம் பூக்கள் சேர்ந்து ஒரே ஒரு பூவுக்குரிய சுதந்திரத்தைத்தான் பெறுகின்றன. பாலிமர்ச் சங்கிலிகளின் நிலை இதுதான். கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி ஆதாயம் சங்கிலி ஒன்றுக்கு இவ்வளவு என்றே கணக்காகிறது. வேற்றுக் கண்ணியோடு (கண்ணி என்பது சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகு) உரசிக் கிடப்பதற்கான ஆற்றல் செலவோ கண்ணி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விழுகிறது. வரவு ஒரு மடங்கு, செலவு ஆயிரம் மடங்கு.

இந்தக் கணக்கை 1941, 1942 ஆண்டுகளில் பால் ஃப்ளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிமர் கரைசலை. 1949இல் ராபர்ட் ஸ்காட் அதையே இரண்டு பாலிமர்களின் கலவைக்கு விரித்தார். கணக்கின் மையத்தில் இருப்பது இடைவினை எண் என்ற ஒற்றை அளவு. ஒரு கண்ணி தன் இனத்துக் கண்ணிகளை விட்டு வேற்றினக் கண்ணிகளின் நடுவே போய் அமர எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை, அந்த வெப்பநிலையின் வெப்ப ஆற்றலை அலகாகக் கொண்டு சொல்லும் எண் அது. சம நீளச் சங்கிலிகள் என்றால், இடைவினை எண்ணைச் சங்கிலியின் கண்ணி எண்ணிக்கையால் பெருக்கிவரும் விடை 2க்கு மேல் போனால், நடுத்தர விகிதங்களில் கலவை இரண்டாகப் பிரிந்தே தீரும்.

உங்கள் பொருளுக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். மூலக்கூறு எடை 1,00,000 உள்ள பாலிஎத்திலீன் சங்கிலியில், கண்ணி ஒன்றின் எடை 28 என்பதால், ஏறக்குறைய 3,570 கண்ணிகள் இருக்கும். பாலிப்ரொப்பிலீனில் கண்ணியின் எடை 42, எனவே சுமார் 2,380. கணக்கு எளிதாக இருக்க இரண்டுக்கும் 3,000 என்று வைத்துக்கொள்வோம். இடைவினை எண் 0.00067ஐத் தாண்டினாலே இவை பிரிந்துவிடும். 200 டிகிரியில் இதை ஆற்றலாக மாற்றினால் ஒரு மோல் கண்ணிக்கு 2.6 ஜூல்தான் வருகிறது. ஒரு மோல் ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல் சுமார் 20,000 ஜூல் என்பதை அருகே வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும். அந்த 2.6 ஜூல் அளவுக்கு ஒன்று மற்றொன்றை விரும்பாமல் இருந்தாலே போதும், இரண்டும் பிரிந்துவிடும். பாலிப்ரொப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு மெத்தில் கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது, பாலிஎத்திலீனில் அது இல்லை. சங்கிலிகள் உருகிய நிலையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அடுக்கப்படும் விதத்தில் இது உண்டாக்கும் வேறுபாடே இந்தச் சிறிய தொகையைத் தாண்டப் போதுமானது.

‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று பள்ளியில் படித்த விதி இங்கே கைவிட்டுவிடுகிறது. முனைவற்ற மூலக்கூறுகளிடையே வேற்றினக் கவர்ச்சி, இரு தன்னினக் கவர்ச்சிகளின் சராசரியை மிஞ்சுவதில்லை. எனவே இடைவினை எண் மிகச் சிறப்பான நிலையிலும் பூச்சியத்தை நெருங்குமே தவிர, கலப்பதற்கு ஊக்கம் தரும் எதிர்க்குறி எண்ணாகப் பொதுவாக மாறாது. இதற்கு நான் அறிந்த மிகத் துல்லியமான சான்று 1980களின் நடுவில் வந்தது. ஃபிராங்க் பேட்ஸ், ஜார்ஜ் விக்னால் ஆகியோர், ஹைட்ரஜன் உள்ள ஒரு பாலிமரையும் அதிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியம் வைத்த அதே பாலிமரையும் கலந்து, நியூட்ரான் சிதறல் மூலம் ஆராய்ந்தார்கள். வேதியியல் முறையில் ஒரே பொருள் என்றே சொல்லத்தக்க அந்த இரண்டும்கூட, சங்கிலி போதிய நீளமாக இருந்தால் பிரிந்துபோவதைக் காட்டினார்கள். ஐசோடோப்பு வேறுபாடே பிரிக்கும் என்றால் ஒரு மெத்தில் கிளை பிரிப்பதில் வியப்பில்லை.

அடுத்து, சூடேற்றுவது பற்றி. இடைவினை எண்ணின் பெரும்பகுதி வெப்பநிலை ஏற ஏறக் குறைவது உண்மை. உங்கள் எதிர்பார்ப்பு அடிப்படையற்றது அல்ல. ஆனால் இந்த நீளச் சங்கிலிகள் ஒன்றாகும் வெப்பநிலைக்குப் போவதற்குள் பொருள் கெட்டுவிடும். அதிலும் இந்த இணையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நீண்ட நேரம் அதிக வெப்பத்தில் இருந்தால் பாலிப்ரொப்பிலீனின் சங்கிலிகள் நறுக்குண்டு பாகு நீர்த்துப்போகும். பாலிஎத்திலீனோ சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு ஏற்பட்டு இறுகும். இரண்டின் பாகுநிலையும் (பாகு எவ்வளவு கெட்டி என்ற அளவு) எதிரெதிர்த் திசைகளில் விலகிச் செல்ல, துளிகளைச் சிதறடிக்கும் வேலை முன்பைவிடக் கடினமாகும்.

சில பாலிமர் இணைகள் சூடேற்றினால் ஒன்றாவதற்குப் பதில் பிரிந்துபோகவும் செய்கின்றன. இதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். பாலிஸ்டைரீனையும் பாலிவினைல் மெத்தில் ஈதரையும் டொலுவீனில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி, கரைப்பானை முழுவதும் ஆவியாக்கினால் பளிங்குபோன்ற படலம் கிடைக்கும். அடியில் வைத்த அச்செழுத்தைத் தெளிவாகப் படிக்கலாம். அந்தத் தகட்டை நுண்ணோக்கியின் சூட்டு மேடையில் வைத்து நிமிடத்துக்கு ஓரிரு டிகிரி வீதம் ஏற்றிச் சென்றால், மூலக்கூறு எடையைப் பொறுத்துச் சுமார் 100 முதல் 150 டிகிரிக்குள் ஓரிடத்தில், முதலில் லேசான நீலப் புகை படர்ந்ததுபோல் தோன்றி, அடுத்த சில டிகிரிகளில் படலம் பால்போல் வெளுத்துவிடும். அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இறக்கி வைத்துக் காத்திருந்தால் மெல்ல மெல்லப் பழைய தெளிவு திரும்பும். முதன்முறை இதைக் கண்ட அன்று அந்தத் தகட்டை விட்டு எழ மனம் வராமல் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பென்சீன் வளையத்துக்கும் ஈதர் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள மெல்லிய ஈர்ப்பு வெப்பத்தில் தளர்வதும், இரண்டு பாலிமர்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் சேர்ந்திருப்பது மேலும் கடினமாவதும் இதற்குக் காரணம். அதே இணையை டொலுவீனுக்குப் பதில் குளோரோஃபார்மில் கரைத்து வார்த்தால் தொடக்கத்திலேயே கலங்கிய படலம் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரைப்பான் எந்தப் பாலிமரோடு அதிகம் ஒட்டுகிறது என்பதுகூட இறுதி வடிவத்தில் தடம் பதிக்கிறது.

பிரிவது எப்படி நிகழ்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தவறான கருத்து பரவலாக இருக்கிறது: கலக்கும்போது கட்டிலா ஆற்றல் (ஆற்றல் செலவையும் என்ட்ரோபி ஆதாயத்தையும் சேர்த்துப் பார்த்த நிகரக் கணக்கு) குறைந்தால் போதும், கலவை நிலைத்துவிடும் என்பது. அது போதாது. விகிதத்தை அச்சாகக் கொண்டு கட்டிலா ஆற்றலை வரைந்தால் கிடைக்கும் வளைவு எல்லா இடத்திலும் கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். நடுவே ஒரு மேடு இருந்துவிட்டால், அந்தப் பகுதியின் கலவை பிரியாமல் இருப்பதைவிட இரண்டாகப் பிரிந்தே குறைந்த ஆற்றலை அடையும். மேட்டின் ஓரங்களில் இருக்கும் கலவையில் முதலில் ஒரு கரு தோன்றி அது துளியாக வளர வேண்டும். மேட்டின் உச்சிப் பகுதியிலோ எந்தத் தடையும் இல்லை. மிக நுண்ணிய விகித ஏற்றத்தாழ்வும் தானாகப் பெருகி, இரண்டு பாலிமர்களும் கடற்பஞ்சும் அதன் துளைகளும்போல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய வலையாகப் பிரிகின்றன. ஜான் கானும் ஜான் ஹில்லியர்டும் 1958இல் தொடங்கி எழுதிய கோட்பாடு இதை விளக்குகிறது. உலோகக் கலவைகளையும் கண்ணாடியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டதாயினும், பாலிமர்கள் மிக மெதுவாக நகர்வதால், அந்த நிகழ்வை நிதானமாகப் படம்பிடிக்க இவையே தோதானவையாக அமைந்தன.

உண்மையிலேயே ஒன்றாகக் கரையும் இணைகளும் இருக்கின்றன. அவற்றில் தலையாயது பாலிஃபீனிலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆலன் ஹே 1956இல் உருவாக்கிய பாலிஃபீனிலீன் ஆக்சைடு சூடு தாங்குவதில் சிறந்தது. ஆனால் அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கண்ணாடிபோல் விறைத்த பொருள் இளகத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 210 டிகிரி என்பதால், உருக்கி வார்க்கத் தேவையான சூட்டில் அதுவே ஆக்சிஜனேற்றத்தால் கெட்டது. பாலிஸ்டைரீனுக்கு அதே வெப்பநிலை 100 டிகிரி. இரண்டும் எல்லா விகிதத்திலும் கலப்பதால், சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ 150 டிகிரியில் ஒரே ஒரு நிலைமாற்றம் கிடைக்கிறது. விகிதத்தை மாற்றி வேண்டிய இடத்தில் அதை நிறுத்திக்கொள்ளலாம். 1966இல் நோரில் என்ற பெயரில் சந்தைக்கு வந்த பொருளின் அடிப்படை இதுவே. இன்னொரு வகையும் உண்டு: பாலிஸ்டைரீன், அக்ரிலிக் கண்ணாடியான பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டோடு கலப்பதில்லை, பாலிஅக்ரிலோநைட்ரைலும் அதோடு கலப்பதில்லை, ஆனால் ஸ்டைரீனையும் அக்ரிலோநைட்ரைலையும் ஒரே சங்கிலியில் சேர்த்து, அக்ரிலோநைட்ரைல் சுமார் 10 முதல் 30 சதவீதம் இருக்கும்படி செய்தால் அது கலந்துவிடுகிறது. சங்கிலிக்குள்ளேயே ஒன்றையொன்று வெறுக்கும் இரண்டு கண்ணிகள் நடுவில் மூன்றாமவர் வந்தால் தங்களுக்குள் உள்ள உரசல் குறைகிறது என்பதற்காகவே அவரை ஏற்றுக்கொள்கின்றன. வேறு ஈர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, கலவாமை என்பது குறை என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பயனில் உள்ள பாலிமர்க் கலவைகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்தவைதான். பிரிந்திருப்பதால்தான் அவை பயன்படுகின்றன. தாக்குதல் தாங்கும் பாலிஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டைரீன் திரவத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை பாலிபியூட்டாடையீன் ரப்பரைக் கரைத்து, கிளறிக்கொண்டே ஸ்டைரீனைப் பாலிமராக்குகிறார்கள். பாலிஸ்டைரீன் சில சதவீதம் உருவானவுடனேயே ரப்பர்க் கரைசலிலிருந்து துளிகளாகப் பிரிகிறது; அது பெருகப் பெருக ஒரு கட்டத்தில் உள்ளும் புறமும் இடம் மாறி, ரப்பர் துளிகளாகவும் பாலிஸ்டைரீன் சூழ்ந்த பொருளாகவும் ஆகிவிடுகின்றன. சில மைக்ரோமீட்டர் அளவுள்ள அந்த ரப்பர்த் துளிகள் ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் இன்னும் சிறிய பாலிஸ்டைரீன் துளிகளை அடக்கியிருக்கும். அடிபட்டால் துளிகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான நுண்விரிசல்கள் ஒரே நேரத்தில் திறந்து அடியின் ஆற்றலை விழுங்கிக்கொள்கின்றன. ரப்பர் மூலக்கூறு அளவில் கரைந்துபோயிருந்தால் சற்று மென்மையான, அதே நொறுங்கும் பாலிஸ்டைரீன்தான் மிஞ்சியிருக்கும். மேலே சொன்ன நோரிலில்கூட, முழுமையாகக் கலந்த அடிப்படைப் பொருளுக்குள் இப்படிப் பிரிந்து நிற்கும் ரப்பர்த் துளிகளே அடி தாங்கும் வலிமையைத் தருகின்றன.

தாக்குதல் தாங்கும் பாலிஸ்டைரீனை வளைத்தாலும் மடிப்பில் வெளுக்கும், உங்கள் பட்டையும் வெளுக்கிறது; ஆனால் இரண்டு வெண்மையும் ஒன்றல்ல. அங்கே துளிகளின் மேற்பரப்பில் பாலிஸ்டைரீன் சங்கிலிகள் வேதிப் பிணைப்பாலேயே ரப்பரோடு ஒட்டவைக்கப்பட்டிருப்பதால் துளி கழன்று விழாமல் விசையை வாங்கிக்கொள்கிறது. உங்கள் பட்டையில் பாலிஎத்திலீன் துளிகள் பாலிப்ரொப்பிலீனுக்குள் தாமரை இலைத் தண்ணீர்போல் உட்கார்ந்திருக்கின்றன. பிரிந்திருப்பது பிரச்சினையே இல்லை. பிரிந்தவற்றின் எல்லையில் பிடிப்பில்லாததுதான் பிரச்சினை. கலவாத இரு பாலிமர்களின் எல்லையில் சங்கிலிகள் சில நானோமீட்டர் ஆழத்துக்கே ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. பாலிஸ்டைரீனுக்கும் அக்ரிலிக் கண்ணாடிக்கும் இடையில் அது சுமார் 5 நானோமீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்குண்டு நிற்க அந்த ஆழம் போதாது. உங்கள் இணையில், ஆறும்போது இரண்டும் தனித்தனியே படிகமாகிச் சுருங்குவதால் எல்லை மேலும் பலவீனமாகிறது.

ஆகவே செலவிட வேண்டிய முயற்சி எல்லையில்தான். இரண்டு பொருள்களிலும் வேரூன்றக்கூடிய சங்கிலி ஒன்று அங்கே போய் நிற்க வேண்டும். பாலிப்ரொப்பிலீனும் நைலானும் என்றால் வழி எளிது: மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனைச் சிறிதளவு சேர்த்தால், எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே நைலானின் அமீன் முனைகள் அதோடு வினைபுரிந்து எல்லையைத் தைத்துவிடும். அதையே உங்கள் கலவைக்கும் வாங்கிப் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். வாங்காதீர்கள், ஏனெனில் பாலிஎத்திலீனில் வினைபுரியும் முனை எதுவும் இல்லை. இந்த இணைக்குத் தேவைப்படுவது, ஒரு பகுதி பாலிஎத்திலீனாகவும் மறு பகுதி பாலிப்ரொப்பிலீனாகவும் அமைந்த பிளாக் கோபாலிமர். கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017இல் நான்கு துண்டங்கள் மாறிமாறி அமைந்த அப்படியொரு சங்கிலியை உருவாக்கி, 1 சதவீதம் சேர்த்தாலே நொறுங்கும் கலவை இழுபடும் பொருளாக மாறுவதைக் காட்டினார்கள். சிறு பட்டறைக்குக் கைக்கெட்டும் மாற்று, எத்திலீனும் ப்ரொப்பிலீனும் கலந்த ரப்பர் வகைகள் அல்லது எத்திலீன்–ஆக்டீன் எலாஸ்டோமர்கள் (ரப்பர்போல் இழுபடும் பாலிமர்கள்). 5 சதவீதத்தில் தொடங்கி 10 வரை ஏற்றிப் பாருங்கள். விறைப்பு சற்றுக் குறையும், ஆனால் அடுக்கு உரிவது அடங்க வேண்டும்.

அதோடு பாகுநிலையையும் கவனியுங்கள். துளியின் பாகுநிலை சுற்றியுள்ள பாகைப்போல் சுமார் நான்கு மடங்கைத் தாண்டினால், சாதாரணமாகத் தேய்க்கும் ஓட்டத்தில் துளி உடையாமல் சுழன்றுகொண்டே இருக்கும் என்பது ஜி. ஐ. டெய்லர் 1930களில் தொடங்கிவைத்த ஆய்வின் வழி வந்த முடிவு. பால் பாக்கெட் பாலிஎத்திலீன் ஃபிலிம் தரமானது, உருகினாலும் கெட்டியானது. வார்ப்புத் தரப் பாலிப்ரொப்பிலீன் நீர்த்தது. எனவே மெல்ட் ஃப்ளோ இன்டெக்ஸ் (உருகிய பாகு எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) நெருக்கமாக உள்ள வரத்துகளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றைத் தெளிவாகப் பெரும்பங்காக வையுங்கள், 50க்கு 50ஐத் தவிருங்கள். எக்ஸ்ட்ரூடரில் பொடியான துளிகள் பின்னர் இன்ஜெக்‌ஷன் மெஷினின் பேரலில் காத்துக் கிடக்கும்போது மறுபடி சேர்ந்து பெரிதாகின்றன என்பதால் அங்கே பொருளை நிறுத்திவைக்காதீர்கள். எல்லையில் நிற்கும் கோபாலிமர் இந்த மறுசேர்க்கையையும் தடுக்கிறது. அதன் பயனில் பாதி இதுதான் என்று சொல்வேன்.

கடைசியாக, சோதிப்பது. ஒளி ஊடுருவினால் கலந்தது, கலங்கினால் பிரிந்தது என்ற சோதனை உங்களுக்கு உதவாது, ஏனென்றால் படிகங்களால் இரண்டுமே தனித்திருக்கும்போதே மங்கலானவை. சூடேற்றும்போது பொருள் உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் இரண்டு உருகு முகடுகள் தெரிந்தால் அதையும் சான்றாகக் கொள்ள வேண்டாம்; உருகிய நிலையில் நன்றாகக் கலந்திருந்த இணையும் ஆறும்போது தனித்தனியே படிகமாகி அதே இரண்டு முகடுகளைக் காட்டக்கூடும். கண்ணாடி நிலைமாற்றம் ஒன்றா இரண்டா என்று பார்ப்பதே முறையான வழி என்றாலும், பாலிஎத்திலீனில் அது மிக மங்கலாகத் தெரியும். நான் சொல்வது, பட்டையில் சிறு வெட்டுப் போட்டு, திரவ நைட்ரஜனில் சில நிமிடம் அமிழ்த்தி உடைத்து, உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கக் கொடுங்கள். கோபாலிமர் சேர்க்காத பட்டையில், முத்து கழன்ற சிப்பிபோல் வழவழப்பான உருண்டைக் குழிகளும், பக்கத்திலேயே கழன்ற உருண்டைகளும் தெரியும். சேர்த்த பட்டையில் துளிகள் சிறுத்திருக்கும், குழிகள் அநேகமாக இருக்காது, உடைவு துளிகளைச் சுற்றிப் போகாமல் அவற்றை அறுத்துக்கொண்டே சென்றிருக்கும். இரண்டு பட்டைகளையும் ஒரே நாளில், ஒரே உருப்பெருக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.